வாளியில் முங்கிய புல்லாங்குழல்

சுட்ட அரக்கும் மண்ணெண்ணெயும் பித்தளைப் பாலிஷும் கலந்தால் ஒரு வாசனை வரும். மூக்கில் ஏறியதும் தலை லேசாகச் சுற்றும், ஆனாலும் இன்னொரு முறை இழுக்கத் தோன்றும். ஓசூர் பாகலூர் சாலையில் இருந்த முனிராஜுவின் கடை அந்த வாசனையோடுதான் என் நினைவில் இருக்கிறது. கல்யாணங்களுக்கு வாசிக்கிறவர்களின் சாக்ஸபோனும் கிளாரினெட்டும் சுவர் முழுக்க ஆணியில் தொங்க, அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து அவர் ஸ்பிரிங் மாட்டுவார், ஓட்டை அடைப்பார், யாரோ விட்டுப்போன பழைய வாத்தியங்களைச் சரிசெய்து விற்கவும் விற்பார். அவரிடம் வெள்ளி நிறத்தில், துளைகளை மூடித் திறக்கும் கீ வைத்த புல்லாங்குழல் ஒன்று விற்பனைக்கு இருப்பதாக என் பள்ளிக்கூட பேண்டு மாஸ்டர்தான் சொல்லி அனுப்பினார்.

பேண்டில் குழல் வாசித்த அக்கா பள்ளியை விட்டுப் போகும்போது தன் குழலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விளையாட்டு விழாவுக்குள் சொந்தக் குழலோடு வருகிறவருக்கு அந்த இடம் என்று மாஸ்டர் அறிவித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு வகுப்புப் பெண்ணும் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று வேறு கேள்விப்பட்டிருந்தேன்.

ஆனால் வாங்கித் தர வேண்டியவர் என் அப்பா. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூர் வந்தவர்; பெரிய பெரிய அச்சு இயந்திரங்கள் நாளெல்லாம் தகட்டை அடித்துத் துளைக்கும் ஒரு தொழிற்சாலையில், வருகிற பாகங்களைச் சோதித்து "ஓகே" அல்லது "ரிஜெக்ட்" என்று ஒதுக்குவது அவர் வேலை. அந்த வேலையை அவர் தொழிற்சாலை கேட்டோடு விட்டுவிட்டு வந்ததே இல்லை. தக்காளியைக் காம்பு வரை திருப்பிப் பார்ப்பார். நான் முதல் ரேங்க் என்று சொன்னால் மற்றவர்களின் மதிப்பெண்ணையும் கேட்டுக் கூட்டிப் பார்ப்பார். "அவன் சொன்னான், இவன் சொன்னான்னு எங்கிட்ட வராத" என்பது எங்கள் வீட்டில் தினமும் ஒலித்த வாக்கியம்.

கடைக்கு அவர் ஒரு டார்ச்சும் அளவு பார்க்கும் காலிப்பரும் எடுத்துக்கொண்டு வந்தார். முனிராஜு குழலை என் கையில் கொடுக்க, நான் ஊதியதும் அது தெளிவாகப் பாடியது. என் உடம்பு சிலிர்த்தது. அப்பாவோ டார்ச்சைக் குழலுக்குள் அடித்துப் பார்த்துக்கொண்டே, "இவ்வளவு நல்ல பொருள எதுக்கு இந்த விலைக்குக் குடுக்குறாரு?" என்று அவர் காதுபடவே என்னிடம் கேட்டார். "பெங்களூர்ல டாக்டர் ஒருத்தரு பொண்ணோடது சார். பொண்ணு அமெரிக்கா போய்ட்டா" என்றார் முனிராஜு.

அது போதாதென்று, பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துத் தெலுங்கில் விசாரித்தபோது, மூடிப்போன ஒரு பேண்டு செட்டிலிருந்து மொத்தமாக வாங்கியது என்றார். சற்று நேரத்தில் போனில் யாரிடமோ கன்னடத்தில், ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ஒருவரின் குழல் என்றார். ஓசூரில் வளர்கிற பிள்ளைகளுக்குத் தெருவில் விளையாடியே மூன்று மொழியும் வந்துவிடும். அப்பாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் வராது என்பதால் எங்கே போனாலும் மொழிபெயர்க்க என்னையே கூட்டிப்போவார். குழலுக்கு ஏங்கினாலும் நான் அவர் பிள்ளைதானே! மூன்று கதையையும் அங்கேயே அவரிடம் ஒப்பித்தேன்.

அப்பாவின் முகத்தில் ஒரு திருப்தி. திருட்டுப் பொருளாக இருக்கும், அல்லது உள்ளே ஏதோ கோளாறு இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். முனிராஜு சளைக்கவில்லை. "சார், காசே வேணாம். வூட்டுக்கு எத்துட்டுப் போயி பாப்பாவ ஊதச் சொல்லுங்க. புடிச்சா வாங்குங்க, இல்லன்னா வாபஸ் குடுங்க" என்றார். வழியெல்லாம் அப்பா அதையே அரைத்துக்கொண்டு வந்தார். "எவனாவது பொருளச் சும்மா தூக்கிக் குடுத்து அனுப்புவானா? என்னமோ இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் வாளியில் தண்ணீர் பிடித்தார். தொழிற்சாலையில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க, பாகத்தை அடைத்துக் காற்றைச் செலுத்தித் தண்ணீரில் முக்குவார்கள். கசிந்தால் குமிழி கிளம்பும். அதே முறையில், குழலின் தலைப்பகுதியைக் கழற்றி, அடிநுனியைத் துணியால் அடைத்து, என்னைக் கீகளை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, உடல்பகுதியை வாளிக்குள் இறக்கி, மறுமுனையில் ரப்பர் குழாய் செருகிக் கன்னம் உப்ப ஊதினார். ஒரு குமிழிகூட வரவில்லை. அப்பா வாயால் "ஓகே" வந்துவிட்ட மகிழ்ச்சியில் நான் அம்மாவிடம் ஓடினேன்.

மறுநாள் காலையில் ஊதினால் "உஸ்ஸ்" என்று காற்றுதான் வந்தது. "காத்து போகுதுப்பா, சத்தம் கேக்குதா?" என்றேன். அப்பா குழலுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து, "எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றார். பிறகு கோபம் வந்துவிட்டது. "ஒருநாள் மட்டும் தாங்குற மாதிரி என்னமோ பண்ணி வச்சிருக்கான் பாத்தியா!"

சண்டைக்குத் தயாராகத்தான் கடைக்குப் போனோம். முனிராஜு ஒரு கீயைத் தூக்கிப் பார்த்தார். அதன் அடியில் துளையை மூடும் சின்ன மெத்தை, தோல் போர்த்திய கம்பளித் துண்டு, ஊறிப்போய் உப்பியிருந்தது. அவர் குழலைக் கவிழ்த்து உதற, ஒரு சொட்டு என் கால்மேல் விழுந்தது. "குளிப்பாட்டுனீங்களா சார்? இது என்ன மோட்டார் பம்பா?" என்று கத்தினார். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அப்பா அந்த மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு, "மாத்துங்க. நான் வாங்கிக்கிறேன்" என்றார். மாற்ற எத்தனை நாள் ஆகுமோ, விழா நெருங்கிக்கொண்டிருந்தது; நான் செத்தேன் என்று நினைத்தேன்.

மெத்தைகள் பெங்களூரிலிருந்து வர வேண்டும். கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம். ஒருநாள், "சானமாவுல யானை நிக்குது சார், வண்டிங்கள நிறுத்திட்டாங்க" என்றார். சானமாவுக் காடு ராயக்கோட்டைப் பக்கம்; பெங்களூரோ அதற்கு நேரெதிர்த் திசை. "அங்க நிக்கிற யானை இங்கிட்டு வர்ற வண்டிய எப்படிய்யா மறிச்சுச்சு?" என்று அப்பா மடக்க, முனிராஜு சிரித்துச் சமாளித்தார். அன்றுமுதல் அப்பா வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போய், முனிராஜு குழலின் பாகம் எதையாவது மாற்றிவிடுவாரோ என்று காவலுக்கு உட்கார்ந்துகொண்டார். நானும் பள்ளி விட்டு அங்கே போய்விடுவேன். மெத்தைகள் ஒருவழியாக வந்தன. மெல்லிய சிகரெட் தாளை மெத்தைக்கு அடியில் வைத்து இழுத்து, இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று அவர் பார்த்தபோது மட்டும் அப்பா தலையாட்டினார்.

விழாவுக்கு முந்தைய நாள் வேலை முடிந்தது. முனிராஜு ஊதிக்காட்டினார். கீழ் சுரத்தில் இன்னும் கொஞ்சம் காற்று சீறியது. டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அப்பா மட்டும் முனிராஜுவின் விரல்களையே உற்றுப் பார்த்தபடி, "காத்து போகுதா, இல்லயா?" என்று கேட்டார். முனிராஜு குழலைத் தாழ்த்தினார். என்னிடம் குரலைக் குறைத்து, கன்னடத்தில், "நிம்மப்பனிகெ கிவி கேளிஸல்வா, புட்டி?" என்றார். உங்கப்பாவுக்குக் காது கேட்காதா, குட்டி என்று அர்த்தம்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அச்சு இயந்திரங்களுக்கு நடுவே நின்று நின்று அவர் காது மந்தமாகியிருந்தது. குமிழியைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது அதனால்தான். "என்ன சொல்றான்?" என்றார் அப்பா. "என்னை ஊதிப் பாக்கச் சொல்றாருப்பா" என்றேன்.

ஊதினேன். "கீழ சுரத்துல காத்து போகுது" என்றேன். முனிராஜு ஒரு திருகைத் திருப்பினார். மறுபடி ஊதினேன். "இன்னும் போகுது." "அப்பனுக்கு மேல இருக்கியே பாப்பா!" என்றபடி இன்னொரு திருகைத் தொட்டார். இப்போது சுரம் முழுசாக வந்தது. அப்பா முனிராஜுவைப் பார்க்கவில்லை, டார்ச்சை எடுக்கவில்லை. என்னிடம், "சரியா இருக்கா?" என்றார். "சரியா இருக்குப்பா." "அப்ப ஓகே" என்று பணத்தை எடுத்து நீட்டினார்.

மறுநாள் மைதானத்தில் வாசித்தேன். அந்தக் குழல் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முனிராஜு சொன்ன மூன்று கதையையும் நான் நம்பவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை நிற்கிறது, அவர் எங்கே போனார் என்று சொல்ல அந்தச் சாலையில் ஆளில்லை. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று என்னோடு இருக்கிறார். காது முழுக்கப் போய்விட்டது; கருவி மாட்டச் சொன்னால் "விக்கிறவன் ஏமாத்துவான்" என்கிறார். போன வாரம் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கீகளுக்கு மேலே உள்ளங்கையைக் காட்டி, நுனியிலிருந்து நுனிவரை மெல்ல நகர்த்தினார். பாட்டு முடிந்ததும், "ஒரு எடத்துலயும் காத்து போகல" என்றார். அவருக்குப் பிடித்த பாட்டைத்தான் வாசித்தேன். என்ன பாட்டு என்று அவருக்குத் தெரிந்திருக்காது.