சனிக்கிழமை மூன்று மணிச் சாப்பாடு

அக்கா அவர்கள் மறைந்து இந்தத் தை மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. "அவர்கள்" என்று போட்டதைப் பார்த்தால், "யாருடா அது, எங்க மேனேஜரா?" என்று கேட்டிருப்பார். நினைவு மலருக்கு அதுதான் மரியாதை என்று அச்சகத்தார் சொன்னதால் ஓர் இடத்தில் மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா பிறந்தது மேற்குத் தாம்பரத்தில். அப்பா காலமானபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தார். அடுத்த மாதமே பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று உறவினர்கள் சொல்வார்கள். அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. இதெல்லாம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாதது அக்காவின் சனிக்கிழமை. அன்று கம்பெனி அரைநாள். வீட்டுக்கு வராமல் பஸ்ஸோ ரயிலோ பிடித்து, ஏதாவது ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையைத் தேடிப் போய்விடுவார். பெரிய போர்டு வைத்த ஓட்டல்கள் அவருக்கு ஆகாது. வீட்டின் முன்பக்கத்தில் நாலு பெஞ்சைப் போட்டு, வீட்டுக்காரர் பரிமாற வீட்டுக்காரி சமைக்கும் இடமாக இருக்க வேண்டும். காட்டாங்குளத்தூரில் கல்லூரி மாணவர்களுக்கான ஒரு மெஸ், அஸ்தினாபுரத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும் மனைவியும் நடத்திய கடை, பம்மலில் தோல் பதனிடும் ஷெட் தொழிலாளர்களுக்குச் சமைத்துப்போட்ட சரசு அம்மாளின் மெஸ் ஆகியவை அவர் கண்டுபிடித்தவை. ஏதோ புதுக் கண்டத்தைக் கண்டவர் போல "கண்டுபிடிச்சேன்" என்றுதான் சொல்லுவார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், சாப்பிட்டது என்னவென்று சொல்லமாட்டார். "அந்த சரசு இருக்காளே, அவ வீட்டுக்காரருக்கு ஷெட்ல மூட்டை தூக்கி முதுகு போயிடுச்சுடா. அதுக்கப்புறம்தான் மெஸ் போட்டிருக்கா. பெரியவ இப்போ எட்டாவது" என்று சமைத்தவரின் கதைதான் வரும். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறவருக்கு இத்தனை விவரம் எப்படிக் கிடைக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

எனக்கு இது பிடிக்கவில்லை என்பதை மறைக்கப்போவதில்லை. எண்பதுகளில் எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் தனியாக மெஸ்ஸில் போய் உட்காரமாட்டார்கள். அக்கா போவதும் மூன்று மணிக்கு. யார் கண்ணிலும் படக்கூடாதென்றுதான் அந்த நேரத்தில் போகிறார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

"மூணு மணிக்குப் போனா என்னக்கா இருக்கும்? பொரியல்கூடத் தீர்ந்திருக்குமே."

"இருக்கறதப் போடுவாங்க. உனக்கென்னடா?"

எனக்கு நிச்சயமான சமயத்தில் என் மாமனார் ஒரு வேலையாகப் பம்மலுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து என்னிடம் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்: "உங்க அக்காவ அங்க ஒரு மெஸ்ல பாத்தேன் மாப்ள. தனியாத்தான் போனாங்க. வீட்டுல ஒண்ணும் பிரச்சனை இல்லையே?"

அன்றைக்கே அக்காவிடம், "கல்யாணம் வரைக்குமாவது அந்த மெஸ்ஸெல்லாம் வேணாம்க்கா, பேச்சு வருது" என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "சரிடா" என்றார்.

கல்யாணம் முடிந்தது. நான் வைத்த கெடுவை நானே மறந்துவிட்டேன். அக்கா சனிக்கிழமைகளில் நேராக வீட்டுக்கு வந்தார். ஆனால் மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டார், நாங்களெல்லாம் எழுந்து போன பிறகு. பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன். சில காலம் கழித்து அக்காவும் என் மனைவியும் சனிக்கிழமைதோறும் பெருமாள் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார்கள். மனைவியின் பக்தியை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசி ஐந்து மாதங்கள் சிறுநீரகக் கோளாறு அக்காவை மிகவும் படுத்தியது. உப்பு கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதைக் கொடுத்தாலும் தள்ளிவைத்துவிடுவார். சனிக்கிழமை ரசம் ஊற்றிய சோறு மட்டும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் இறங்கும். "உப்பில்லாம இவ்ளோ நல்லா வெக்கிறியே" என்று மனைவியைப் பாராட்டினேன். அவள் தூக்குவாளியைக் கழுவப் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சரசு அம்மாள் வந்திருந்தார். அதுவரை நான் பார்த்திராத மனுஷி. என் மனைவி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதைப் பார்த்துத்தான் அந்தப் பெருமாள் கோயில் எதுவென்று எனக்கு விளங்கியது.

சரசு அம்மாள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காலைலேந்து நின்னுகினே கீறோம் சார். அத்தினி பேரு துன்னுட்டுப் போறாங்க, நீ சாப்ட்டியான்னு ஒருத்தர் கேட்டதில்ல. அக்கா மொத நாளே கேட்டாங்க. மூணு மணி ஆவும்னேன். அடுத்த வாரம் கரீக்ட்டா மூணு மணிக்கு வந்து நிக்கிறாங்க, ஒண்ணா சாப்புடலாம்னு. ரச மண்டியும் மோரும்தான் மிச்சம் கீது. ரெண்டு பேரும் குந்தி அதையே சாப்ட்டோம்."

அக்கா யார் கண்ணுக்கும் ஒளியவில்லை. சமைத்தவர் சாப்பிட உட்காரும் நேரத்துக்குப் போயிருக்கிறார்.

சரசு அம்மாள் இன்னொன்றும் சொன்னார். "நடுவுல ரெண்டு வருசம் வரல. இன்னா தப்பு பண்ணோம்னே தெரில. புளிய மாத்தினேன், பருப்ப மாத்தினேன். அப்பால உங்க வூட்டம்மாவோட வந்தாங்க. கேட்டா ஆபீஸ்ல வேலை ஜாஸ்தின்னாங்க. எனக்கு இன்னமும் மனசு ஆறல."

"ஆமாம்மா, அப்போ ஆபீஸ்ல வேலை ஜாஸ்திதான்" என்றேன் நான். அக்காவின் காரியத்தன்று, அக்காவின் படத்துக்கு எதிரே நின்று சொன்ன பொய் அது.

அவர் போன பிறகு மனைவி சொன்னாள்: "எங்கப்பா கேட்டதும் தெரியும், நீங்க சொன்னதும் தெரியும். அக்காவத் திரும்பக் கூட்டிட்டுப் போனது நான்தான். உங்ககிட்ட சொன்னா மறுபடியும் நிறுத்திடுவீங்க." நிறுத்தியிருப்பேன்தான்.

அக்காவின் நோய்க்காலத்தில் ரத்தம் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், வேளை பார்க்காமல் வந்து பார்த்த டாக்டருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உப்பில்லாத ரசத்தை வாராவாரம் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தனுப்பிய சரசு அம்மாளுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. அவருடைய புளியிலும் குற்றமில்லை, பருப்பிலும் குற்றமில்லை. அக்காவை நிறுத்தியவன் நான்.

சரசு அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மலர் கைக்கு வந்ததும் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்குப் பம்மலுக்குப் போய், இந்தப் பக்கங்களை நானே வாசித்துக் காட்டப்போகிறேன். அன்று வீட்டில் சாப்பிடாமல்தான் போவேன். கேட்டு முடித்த பிறகு எனக்கு இலை போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

தம்பி