நானே வெட்டிக்கிறேன் சார்

ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தியின் தாடையைப் பிடித்து, வகுப்பு மொத்தமும் பார்க்க, வாயில் பாலை ஊற்றினேன். தெரியாமல் செய்ததாகச் சொல்லிக்கொள்ள வழியில்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

அப்போது மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே ஒரு தமிழ்ப்பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்தேன். அவளைச் சேர்க்க வந்த பெரியம்மா என் அறையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். ஆள் குறைந்துபோன ரப்பர்த் தோட்டத்தில், புல்லுக்கு அடிக்கும் மருந்தைத் தேநீரில் கலந்து, தாய் இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்துத் தானும் குடித்திருக்கிறாள். தாயும் தம்பியும் போய்விட்டார்கள். இவள் மட்டும் பத்துகாஜா ஊர் மருத்துவமனையில் பிழைத்தாள். கேட்டுக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பள்ளிகளில் இலவசமாகப் பால் கொடுத்துவந்த காலம் அது. சிந்தாமல் இருக்க, பொட்டலங்களின் மூலையை நானே கத்தரித்துக் கொடுப்பேன். அவள் மட்டும் வாங்கமாட்டாள்.

"நானே வெட்டிக்கிறேன் சார்."

அவள் வேறெதுவும் கேட்டதில்லை. கத்தரிக்கோலை நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். நானும் தோட்டத்து லயத்து வீட்டில் அடிவாங்கி வளர்ந்தவன். எங்களை யார் தாங்கினார்கள், இடம் கொடுத்தால் இவள் ஆயுசுக்கும் இதையே பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். ஒருநாள் ஊற்றினேன். வாந்தி எடுத்தாள். பாவாடையை நனைத்துக்கொண்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள், நான் அதட்டவில்லை.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. பெரியம்மா அவளை ஹுத்தான் மெலிந்தாங் என்ற மீன்பிடி ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கேயும் பள்ளிக்கூடம் என்றாலே அலறினாளாம். படிப்பு அதோடு போயிற்று.

ஓய்வுபெற்று குனோங் ராபாட்டில் சும்மா இருக்கும் நான், இந்த வருடம்தான் விசாரித்துக்கொண்டு போனேன். கொட்டகையில் இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் கை நிற்கவில்லை.

"பெரியம்மா உங்ககிட்ட பேசனப்ப நான் வெளிய பெஞ்சுலதான் சார் உக்காந்திருந்தேன். 'எங்க பிள்ளை மாதிரி பாத்துக்கிறோம்'னு சொன்னீங்க. கேட்டுச்சு."

தன்னிடம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை, அந்தப் பள்ளியில் போய்ச் சொல்லுங்கள் என்றாள். சொன்ன பிறகு கூப்பிடச் சொல்லி எண்ணையும் கொடுத்தாள்.

போனேன். ஆசிரியர் கூட்டத்தில் கால் மணி நேரம் கிடைத்தது. அவள் பெயரைத் தவிர எதையும் மறைக்கவில்லை. "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் சார், விடுங்கலா" என்று ஓர் இளம் ஆசிரியர் ஆறுதல் சொன்னார். நடந்து பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. பலர் தலையாட்டினார்கள். அடுத்து விளையாட்டுப் போட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

அவளைக் கூப்பிட்டு, சொல்லிவிட்டேன் என்றேன்.

"அந்தப் பிள்ளை இப்ப எப்படி இருக்குன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

இல்லை என்றேன்.

"என்னப் பாக்க வந்தன்னைக்கு நீங்களும் கேக்கல சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு என் அழைப்பை எடுப்பதில்லை.