தூள் தீர்ந்துவிட்டது

1959 ஐப்பசி, தீபாவளிக்கு முந்திய வியாழக்கிழமை: அத்தை எங்கள் காம்பராவில் கறித்தூள் வறுத்தார். சனிக்கிழமை தம் தோட்டத்துக்குத் திரும்பினார்.

1960 தை 3: அத்தை வரவில்லை. அம்மா வறுத்த தூள் கருகியது.

1960 மாசி, திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை: அப்பா கந்தப்பளைக்குப் போய் அத்தையை அழைத்து வந்தார்.

நடந்தவை இவ்வளவுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. இவற்றுள் இரண்டாவதற்கு நான் காரணமாக இருந்தேன். அம்மா சென்ற மாதம் காலமானார். ஆகவே இதை எழுதுவதற்கு இனி யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை.

அத்தை என்பவர் அப்பாவின் அக்கா. நுவரெலியாவுக்குக் கீழே இருந்த எங்கள் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த அதே காம்பராவில் பிறந்து, கந்தப்பளைப் பக்கத் தோட்டம் ஒன்றுக்கு மணமாகிப் போனவர். பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய தூரம். ஆனாலும் ஆண்டுக்கு மூன்று முறைதான் வருவார்: தீபாவளிக்கு, பொங்கலுக்கு, மாரியம்மன் திருவிழாவுக்கு. மூன்று முறையும் எங்கள் வீட்டிலிருந்து தபாலட்டை போகவேண்டும். தூள் தீர்ந்துவிட்டது, அத்தை வந்து வறுத்துத் தரவேண்டும் என்று அதில் இருக்கும். மாமா அந்த அட்டையைத் தம் லயத்தில் நாலு பேருக்குப் படித்துக் காட்டுவாராம். தம் மனைவி போகாவிட்டால் மைத்துனன் வீட்டில் அடுப்பு எரியாது என்பதில் அவருக்கு ஒரு பெருமிதம். வேறெந்தக் காரணத்துக்காகவும் அவர் மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தத் தூள் போட்ட ஆட்டுக்கறி கறுத்திருக்கும். குழம்பு சோற்றில் ஓடாமல் நின்று, உண்டபின் விரலில் மாலைவரை மணக்கும். அம்மாவும் நன்றாகவே சமைப்பார். ஆனால் அப்பா தட்டின் முன் உட்கார்ந்து, முதற்கவளத்தை விழுங்கியதும், "அக்கா கை கைதான்" என்பார். சமைத்தவர் பக்கத்தில் அகப்பையோடு நின்றிருப்பார். பத்து ஆண்டுகளாக இது நடந்துவந்தது. செய்முறையை அம்மா கேட்டால் அத்தை சிரிப்பார். "அது என்னோட போகட்டும் புள்ள. ஒனக்குத்தான் நூறு வேலை தெரியுமே, இந்த ஒண்ணு எனக்கு இருக்கட்டும்."

லயத்தில் இரகசியம் காப்பது எளிதன்று. வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள். இடைச்சுவர்கள் கூரையைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும். கூரைத் தகரம் எல்லாருக்கும் பொது. முதற்காம்பராவில் கருவாடு சுட்டால் பன்னிரண்டாவதில் பிள்ளைகள் சோறு கேட்கும். ஆகவே அத்தை, எல்லாரும் காலை ஆள்கணக்கான பெரட்டில் பேர் கொடுத்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பிறகே அடுப்பை மூட்டுவார். உள்ளே வேறு எவரும் இருக்கக் கூடாது. கதவைச் சாத்தினால் மத்தியானம்தான் திறக்கும். மணம் வெளியே வரும், ஆனால் அதை முகர்ந்துபார்க்க லயத்தில் கிழடுகளும் கைக்குழந்தைகளுமே இருப்பார்கள்.

அந்த வியாழக்கிழமை காலையில், எனக்கு வயிற்றுவலி என்று அம்மா முடிவு செய்தார். பள்ளிக்கூடம் போகவேண்டாம்; அத்தையிடம் போய்விட்டதாகச் சொல்லிவிடுவார். கூரைக்குக் கீழே விறகு அடுக்கும் அட்டலின் மறுகோடியில், தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவந்த மிலாறுச் சுள்ளிக் கட்டுகளுக்குப் பின்னால் படுத்துக்கொள்ள வேண்டும். தும்மக் கூடாது. "என்னென்ன போடுறாங்க, எது முன்ன எது பின்ன, எல்லாத்தையும் பாத்துக்க. ஒனக்குத்தான் பாடம் மனப்பாடமா வருமே" என்றார். அந்தப் புகழ்ச்சிக்காக நான் எந்த அட்டலிலும் ஏறியிருப்பேன்.

அத்தை போட்டவை எல்லார் வீட்டிலும் போடுபவையே. இரகசியம் நிறத்தில் இருந்தது. கொத்தமல்லியை, மற்றவர்கள் கருகப்போகிறது என்று பயந்து இறக்கும் இடத்தைத் தாண்டி, கோப்பிக்கொட்டையின் நிறம் வரும்வரை வறுத்தார். ஒரு பிடி அரிசியையும் அதே நிறத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு சட்டென்று சுளகில் கொட்டிப் பரப்பினார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் வரிசையாக மனத்தில் எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் அத்தை வெளியே போனதும் இறங்கி ஓடி, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மாவிடம், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வைத்து ஒப்பித்தேன். அவர் இரண்டு முறை சொல்லச் சொன்னார். முகத்தில் சிரிப்பு வந்தது.

"அம்புட்டுத்தானா? அதுக்கா ஒரு பொழுது பூரா?"

"இல்லம்மா, வறுக்கிறது கொஞ்ச நேரம்தான். பெறகு அத்த சும்மா உக்காந்திருந்தாங்க."

"சும்மான்னா?"

"சும்மாதான். செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. அடுப்புக்கட்டியத் தடவிப் பாத்தாங்க. பெறகு மல்லியில பாதிய வறுக்காம திரும்பச் சீலையில முடிஞ்சு வச்சுட்டாங்க. ஒரேயடியா வறுத்தா நமக்கு ஒரு வருசத்துக்கு வருமில்லம்மா, அத்தைக்குக் கணக்கே தெரியல."

இதை நான் வேடிக்கையாகச் சொன்னேன். அம்மாவின் சிரிப்பு நின்றது. பீலியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

தீபாவளி கழிந்து அத்தை போன பிறகு, அப்பா இல்லாத ஒரு பகலில் அம்மா ஒரு கைப்பிடி மல்லியை வறுத்துப் பார்த்தார். கோப்பி நிறத்தில் இறக்கினார். அம்மியில் வைத்துப் பொடித்து நாக்கில் வைத்தார். எனக்கும் தந்தார். அத்தையின் தூளேதான். அம்மா அதைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, அடுப்புச் சாம்பலில் தட்டிவிட்டார். வெற்றியை இப்படி யாராவது கொட்டுவார்களா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மார்கழியில் வழக்கம்போல் தபாலட்டை எழுத அம்மா என்னை உட்காரவைத்தார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கடிதங்களை எழுதுபவன் நான். 'தூள் தீர்ந்துவிட்டது, அண்ணியை அனுப்பி வையுங்கள்' என்று சொன்னார். டின்னில் கால்பங்கு இருந்ததை நான் காலையில்தான் பார்த்திருந்தேன். பொய் எழுதக் கைகூசினாலும் எழுதினேன். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கடிதம் எழுதும் முறை கற்பித்திருந்தார். கையொப்பத்துக்குக் கீழே பின்குறிப்பு என்று ஒன்று போடலாம் என்பதும் அதில் அடக்கம். எனக்கு அது பெரிதும் பிடித்துப்போயிற்று. போடுவதற்குத்தான் விஷயம் இல்லாமல் இருந்தது. அட்டையின் அடியில் இரண்டு விரற்கடை இடமும் இருந்தது. எழுதினேன்:

பி.கு.: அத்தை வர இயலாவிட்டாலும் பாதகமில்லை. தூள் செய்யும் விதம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மல்லியைக் கோப்பி நிறத்துக்கு வறுக்க வேண்டும்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு மாமாவின் பதில் வந்தது. அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். தெரிந்துவிட்டது நல்லதாகப் போயிற்று, இனி ஒவ்வொரு விசேஷத்துக்கும் அவளை வேலையை விட்டுவிட்டு அனுப்பவேண்டிய அவசியமில்லை, எல்லாரும் சுகம். அம்மா என்னிடம், "நீ என்னடா எழுதுன?" என்றார். சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனார். வீட்டில் குடங்கள் எல்லாம் நிறைந்திருந்தன.

தை மூன்றாம் நாள் ஆட்டுக்கறிப் பங்கு வந்தது. சித்தப்பாவும் அப்பாவோடு வேலை செய்யும் இருவரும் சாப்பிட வருவதாக இருந்தது. அம்மா கதவை அகலத் திறந்துவைத்தார். லயத்தில் எல்லாரும் வீட்டிலிருந்த நாள். அடுப்பில் சட்டியை வைத்து மல்லியைப் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். நிறம் மாறியது. சரியான இடம் வந்தது.

"அம்மா, கோப்பி நெறம் வந்துருச்சு."

"தெரியும்."

அகப்பை நிற்கவில்லை.

"அம்மா, கருகுது."

"கருகட்டும். நீ வெளிய போய் வெளையாடு."

புகை கூரைத் தகரத்தில் முட்டி, பன்னிரண்டு காம்பராக்களுக்கும் சமமாகப் பரவியது. இரண்டாவது காம்பராவிலிருந்து ஒரு குரல், "யாரு வீட்டுலடி கரி மூட்டம் போடுறது?" என்று கேட்டது. அம்மா சட்டியை இறக்கி மல்லியை அம்மியில் பொடித்தார். அந்தத் தூளைக் கறியில் போட்டார். உப்பு, புளி எல்லாம் வழக்கமான கவனத்தோடு சேர்த்தார்.

சித்தப்பா முதற்கவளத்தை வாயில் வைத்துவிட்டுத் தட்டையே பார்த்தார். "அண்ணி, கவ்வாத்து மலைக்கு நெருப்பு வச்ச மாதிரி இருக்கே. இதத் திங்கணுமா, இல்ல இதுக்குத் தண்ணி ஊத்தி அணைக்கணுமா?" வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு முகம் சிறுத்துவிட்டது.

"எனக்கு வந்தது அவ்வளவுதாங்க" என்றார் அம்மா, அப்பாவைப் பார்த்து. "அண்ணி வந்தாத்தான் இந்த வீட்டுல கறி கறியா இருக்கும். நீங்களே போய் மச்சான்கிட்டச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

பத்து ஆண்டுகளாக அகப்பையோடு நின்று கேட்டதை, அன்று அவரே எல்லார் முன்னாலும் சொன்னார். லயத்தில் அந்தப் பேச்சு சித்திரைவரை நின்றது. பீலிக்கரையில் பெண்கள், "ஒங்க வீட்டுல இன்னைக்குக் கரியா கறியா?" என்று கேட்பார்கள். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். உண்மை தெரிந்த நான் ஒருவன்தான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் அப்பா தாமே முதல் பஸ்ஸில் போனார். கருகிய கறியின் கதையை மாமாவிடம் விவரமாகச் சொன்னாராம். மாமா வெகுநேரம் சிரித்துவிட்டு, அன்றே அத்தையை அனுப்பிவைத்தார். அத்தை வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "கோப்பி நெறம்னு எழுதுனியாமே தம்பி" என்றார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா அடுப்படியிலிருந்து, "அவன் எதையோ பாத்துட்டு எழுதிட்டான் அண்ணி. எனக்குத்தான் கை வரலையே, லயமே சாட்சி" என்றார்.

அத்தை அம்மாவை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அடுப்பில் சட்டியை வைத்தார். "கதவச் சாத்திட்டு வா புள்ள" என்றார். கதவை உள்ளிருந்து சாத்தியவர் அம்மா. அன்று பெரட்டு இல்லாத நாள். நான் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மணம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. கதவு மட்டும் சாயங்காலம்வரை திறக்கவில்லை. உள்ளே இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் அத்தை இறக்கும்வரை ஆண்டுக்கு மூன்று தபாலட்டைகள் எழுதினேன். தூள் தீர்ந்துவிட்டது என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. ஒருமுறைகூடத் தூள் தீர்ந்திருக்கவில்லை. அம்மா பொய் சொல்கிறார் என்றும், தமக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொல்லி வீணாகத் தாழ்ந்துபோகிறார் என்றும் மட்டுமே நான் நினைத்தேன். பின்குறிப்பு எதுவும் போடவில்லை.

அம்மாவின் பிறந்த வீடு இந்தியாவில், துறையூருக்குப் பக்கத்தில். பதினாறு வயதில் கப்பலேறியவர். அங்கிருந்து அவருக்கு எந்த அட்டையும் வந்து நான் படித்துக் காட்டியதில்லை.

செய்யாமல் விட்டவை:

அத்தையின் மகளுக்கு அம்மா இறந்த செய்தியை எழுதுதல்.

தூளின் செய்முறையை முழுமையாக ஒரு தாளில் எழுதிவைத்தல். (இது எனக்கு உரியதா என்று தெரியவில்லை.)

அன்று கதவுக்கு உள்ளே என்ன பேசினார்கள் என்று அம்மாவிடம் கேட்டல்.

துறையூருக்கு யாருக்காவது ஒரு தபாலட்டை போட்டு, அம்மாவை ஒருமுறை அழைக்கச் சொல்லுதல்.