யப்பான் சீடியில் எழுதாத பாட்டு

சத்தம் வராத பெட்டியில் வொலியூமைக் கூட்டினால் சத்தம் வந்துவிடும் என்று நம்பிய மடையன் நான். அப்போது எனக்கு எட்டு வயது. அதைச் சாட்டாகச் சொல்லித் தப்பவும் முடியாது. எங்கள் வகுப்பில் மற்ற எல்லாருக்கும் எட்டு வயதில் மூளை இருந்தது.

புதுக்குடியிருப்பில் மீளக்குடியேறி, புதுவீட்டுச் சுவருக்கு இன்னும் பூச்சுப் பூசாத காலம். அண்ணாவுக்கு ஒரு வெளிநாட்டு ராக் இசைக்குழுவின் மேல் பைத்தியம். அவர்களுடைய ஒரே அல்பத்தை மூன்று விதமாக வைத்திருந்தான். வவுனியாவில் வாங்கிய சீடியில் பத்துப் பாட்டு. மாமா கனடாவிலிருந்து அனுப்பியதில் அதே பத்தோடு இன்னும் ஒன்று. பிறகு அழாத குறையாகக் கேட்டு, மாமா தேடிப் பிடித்து அனுப்பிய யப்பான் வெளியீட்டில் பன்னிரண்டு. ஒரே சோற்றை மூன்று தட்டில் போட்டுத் தின்கிறான் என்பார் அப்பா. ஆனாலும் அந்தக் கிற்றார் இரைச்சலை அவரும் அம்மாவும் நாள் முழுக்கப் பொறுத்துக்கொண்டார்கள். யப்பான் சீடியைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று அண்ணா எனக்குச் சொல்லியிருந்தான்.

ஒரு சனிக்கிழமை அவன் ரியூசனுக்குப் போனதும் தொட்டேன். மேலதிகப் பாட்டு இரண்டையும் கேட்டுவிட்டு, அவன் வருமுன் திருப்பி வைப்பதுதான் திட்டம். பன்னிரண்டாவது பாட்டு முடிந்தது. ஆனால் பிளேயரில் இலக்கங்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. சத்தம் மட்டும் இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். சீடி பழுதாகிவிட்டது, கை முறிவது உறுதி. ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். பிறகு வொலியூமைக் கடைசிவரை திருகினேன்.

வீடு திடீரென்று அமைதியானதில் சந்தேகப்பட்டு அம்மா குசினியில் அடுப்பை விட்டுவிட்டு வந்தார்.

"என்னத்தையடா செய்து துலைச்சனீ?"

நான் வாயைத் திறக்குமுன் அது வெடித்தது.

சீடி உறையில் எழுதாத பதின்மூன்றாவது பாட்டு. நீண்ட மௌனத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்து, கேட்பவர்களைத் திடுக்கிட வைக்கும் பகிடியாம். பிறகுதான் அறிந்தேன். தொடக்கம் ஒரே ஒரு டிரம் அடி. கூரைத் தகரம் அதிர்ந்தது. அடுத்த கணம் நான் சீமெந்து நிலத்தில் குப்புறக் கிடந்தேன். எனக்கு மேல் அம்மா. கதவால் பார்த்தால், அப்பா இரண்டு கையாலும் தலையைப் பொத்தியபடி வேலியோரம் படுத்திருந்தார். வாசல் படலையடியில் சைக்கிள் ஒரு பக்கம், ரியூசனால் வந்த அண்ணா ஒரு பக்கம். பாட்டுக்காரன் கத்தத் தொடங்கிய பிறகும் ஒருவரும் எழும்பவில்லை.

நான் சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன்.

அண்ணா உள்ளே வந்து பிளேயரை நிறுத்தினான். சீடியைத் தொட்டது யார் என்று கேட்கவில்லை. அடியும் விழவில்லை. எனக்கு அன்றைக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

அம்மாவின் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. ஷெல் விழுந்த சண்டையின் கடைசி மாதங்களில் நான் கைக்குழந்தை. அந்த உடம்பின் பாரம் அதற்கு முன்னும் எனக்கு மேல் எத்தனையோ தரம் கிடந்திருக்கிறது என்பதை அப்போது நான் எங்கே அறிந்தேன்? பகிடியை விட மனமில்லாமல் கேட்டேன்.

"பாட்டுக்குப் பயந்து ஏனம்மா எனக்கு மேல வந்து விழுந்தனீங்கள்?"

அம்மா என் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"வேற எங்க விழுறது?"