கடலுக்குள் டைல்ஸ் போட்டவர்

போசீத்தா கடற்கரையில் அந்த வாரம் ஒரே பேச்சு: டோன் பிளாசிதோ பவளம் திருடுகிறார். அதுவும் சாதாரணப் பவளம் இல்லை, மான்கொம்புப் பவளம். அழிந்துகொண்டு வருகிறது, யாரும் கை வைக்கக் கூடாது என்று வாஷிங்டனில் சட்டம் போட்டுப் பல வருஷம் ஆகிறது. தலைநகர் சான் ஹுவானில் ஒரு ஹோட்டல்காரன் மீன்தொட்டிக்கு வாங்குகிறானாம். டாமினோ மேசையில் ஒருவர் விலைகூடச் சொன்னார். விலை தெரிந்த அந்த மனிதருக்கு ஹோட்டலின் பெயர்தான் ஞாபகம் வரவில்லை.

வதந்தி என்றால் விசாரிக்க வேண்டும் அல்லவா? விசாரித்ததில், கண்ணால் பார்த்த சாட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: விடிகாலையில் கனமான சாக்கு ஒன்றைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறார், வெயில் ஏறும்போது காலிச் சாக்கோடு திரும்பி வருகிறார். திருடப் போகிறவன் காலியாகப் போய் நிறைத்துக்கொண்டு வருவதுதான் உலகவழக்கம். நம் ஊரில் மட்டும் ஏன் தலைகீழாக நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு முடிந்துவிடும். மத்தியானம் வரைக்கும் வேறு பேச்சுக்கு எங்கே போவது?

டோன் பிளாசிதோ ஆயுள் முழுக்க டைல்ஸ் போட்டவர். இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளின் தரை அவருடையது. வேலையை விட்டுப் படகு வாங்கி, மீன் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்த பிறகும் கை அடங்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்ப்பார். உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டால் முகம் வாடிவிடும். சாவு வீட்டில் ஜெபமாலை நடந்துகொண்டிருக்கும்போது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தட்டியவர் அவர். இறந்தவர் மேல் அவருக்கு மரியாதை குறைவில்லை. அந்தத் தரையைப் போட்டவன் மேல்தான் கோபம்.

ஜனவரியில் வடக்கிலிருந்து பெரிய அலை வந்தது. கரையோரப் பாறையில், மார்பளவுத் தண்ணீரில் நிற்கும் மான்கொம்புகள் கிளை கிளையாக முறிந்தன. முறிந்த கிளை உடனே சாவதில்லை. மணலில் உருண்டு, தோல் உரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். நண்டுக்கூட்டைத் தூக்கப் போன டோன் பிளாசிதோ தண்ணீருக்குள் முகத்தை விட்டுப் பார்த்தார். அடியில் எல்லாம் பெயர்ந்து கிடந்தது. பெயர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா வர அவருக்குத் தெரியாது.

ஆக, சாக்கில் போனது சிமெண்டு.

இதை ஊரில் சொல்லிவிட்டால் போதுமே என்று தோன்றும். அதுதான் முடியாது. ஒட்டுவதற்காகத் தொட்டாலும் அனுமதியில்லாமல் தொட்டது தொட்டதுதான். அபராதம் வரும், படகு போகலாம். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தக் கடற்கரைக்கு ரேஞ்சராக இருப்பவன் எலியேசர். டோன் பிளாசிதோவின் கையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை. பத்ரீனோ, அதாவது தன் ஞானத்தகப்பன், என்ன செய்கிறார் என்று தெரிந்தால் அவன் நடவடிக்கை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அவன் வேலை போகும். தெரியாமலே இருக்கட்டும் என்று கிழவர் வாயை மூடிக்கொண்டார். திருடன் என்ற பெயரோடு திரிவது அவருக்கு அதைவிட மலிவாகப் பட்டது.

ஆனால் யாரோ ரேஞ்சர் இலாகாவுக்குப் போன் போட்டுவிட்டார்கள். எலியேசர் சீருடையோடு வந்தான். டோன் பிளாசிதோ அப்போது அவன் அம்மா மிக்தாலியாவின் கடையில் உப்புமீன் பஜ்ஜியான பக்கலயீத்தோ தின்றுகொண்டிருந்தார்.

"ஆசீர்வாதம், பத்ரீனோ," என்றான் எலியேசர். விசாரணையாக இருந்தாலும் முதலில் அதைக் கேட்டாக வேண்டும்.

"ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மகனே."

"உங்க மேல புகார் வந்திருக்கு. காலையில கடல்ல என்ன பண்றீங்க?"

"மீன் பிடிக்கிறேன்."

"மீன் எங்க?"

"கடல்ல."

"விளையாடாதீங்க பத்ரீனோ. பவளம் எடுக்கிறீங்களா, இல்லையா?"

கிழவர் பக்கலயீத்தோவை இன்னொரு கடி கடித்தார். எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து மிக்தாலியா எட்டிப் பார்த்தாள். பிள்ளையின் ஞானத்தகப்பன் என்ற உறவில் அவர் அவளுக்குக் கொம்பாய், அவள் அவருக்குக் கொமாய்.

"டேய், உன் ஞானத்தகப்பன்கிட்ட பேசற பேச்சாடா இது? நீங்க சாப்பிடுங்க கொம்பாய். அது கிடக்கட்டும், சோறு ஆக்கணும்னு வாங்கிட்டுப் போன என் கல்தேரோ எங்க?"

பவளத்தைப் பற்றிக் கேட்டபோது கல்லாக இருந்த முகம் இப்போதுதான் வெளுத்தது. "தரேன் கொமாய்," என்று முனகினார்.

"எப்ப? இருபது வருஷம் பழகின பானை. அதுல ஆக்கினாத்தான் அடியில காந்தல் ஒழுங்கா வரும்."

எலியேசர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். போகும்போது ஆசீர்வாதம் கேட்கவில்லை. பிறந்து பேச்சு வந்த நாளிலிருந்து இதுதான் முதல் முறை. டோன் பிளாசிதோ கையிலிருந்த பக்கலயீத்தோவைத் தட்டில் வைத்தார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

மறுநாள் காலை எலியேசர் இலாகாப் படகில் போனான். பாறையோரம் பத்ரீனோவின் படகு நங்கூரம் போட்டு நின்றது. ஆளைக் காணோம், சுவாசக்குழாய் மட்டும் தண்ணீருக்கு மேலே ஊர்ந்துகொண்டிருந்தது. எலியேசர் முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

அடியில் மான்கொம்புகள் நின்றன. சின்னச் சின்னச் சிமெண்டு உருண்டைகளில் ஊன்றி, பழுப்பு மஞ்சளாக, உயிரோடு. உயிரோடு நின்றதைவிட அவை நின்ற விதம்தான் அவனைத் திடுக்கிட வைத்தது. வரிசை. நூல் பிடித்தாற்போல நேர் வரிசை. ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி, ஒன்றுவிட்ட வரிசை அரை இடைவெளி தள்ளி. கடல் ஒருநாளும் இப்படி எதையும் வளர்க்காது. இந்த அமைப்பை எலியேசருக்குத் தெரியும். அவன் தவழ்ந்து பழகிய சமையலறைத் தரை இதுதான். ஞானஸ்நானப் பரிசாக பத்ரீனோ கூலி வாங்காமல் போட்டுக் கொடுத்த தரை.

மேலே வந்து பத்ரீனோவின் படகு விளிம்பைப் பிடித்தபோது உள்ளே அம்மாவின் கல்தேரோ இருந்தது. அடி கனமான பானை, அலையில் கவிழாது, சிமெண்டு குழைக்க வசதி. உள்சுவரெல்லாம் விளிம்பு வரை சிமெண்டு அப்பி இறுகிப்போயிருந்தது.

டோன் பிளாசிதோ தலையைத் தூக்கினார். இருவரும் மார்பளவுத் தண்ணீரில் எதிரெதிரே நின்றார்கள்.

"பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன். ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ எழுதணும். எழுதலைன்னா உன் சோத்துல மண்ணு."

"எழுதத்தான் போறேன் பத்ரீனோ. நீங்க ஒட்டறதுக்குத் தொட்டீங்க. நாளைக்கு ஒருத்தன் உடைக்கிறதுக்குத் தொட்டுட்டு, நானும் ஒட்டத்தான் வந்தேம்பான். தண்ணிக்கு அடியில நான் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? இன்னைக்கே நிறுத்துங்க."

கிழவர் தலையை ஆட்டினார். கையிலிருந்த கடைசிக் கிளையை என்ன செய்வது என்று தெரியாமல் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றார்.

எலியேசர் அதைப் பார்த்தான். "அதை மட்டும்... நான் திரும்பிக்கிறேன்," என்று சொல்லி, நெடுநேரம் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டத்தில் இதற்கு இடமில்லை. அறிக்கையிலும் இல்லை.

திரும்பியபோது கிழவரின் கை வெறுமையாக இருந்தது.

"ஆசீர்வாதம், பத்ரீனோ."

டோன் பிளாசிதோ முகக்கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் ஆசீர்வதித்தார். உப்புத்தண்ணீர் கண்ணுக்குள் போய்விட்டது என்று பிற்பாடு சொன்னார்.

எலியேசர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினான். எச்சரிக்கை வந்தது, படகு பிழைத்தது. பல்கலைக்கழகத்திலிருந்து, இந்த வேலைக்கு அனுமதி வைத்திருக்கும் யதீரா என்ற ஆய்வாளர் வந்து, இறங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் விவரம் சொன்னாள்: பாதி பிழைக்கும். மீதியில் சில, உயிருள்ள வேறு பவளத்தின் மேலேயே ஊன்றப்பட்டு அதையும் நசுக்கியிருக்கின்றன. அந்த வார்த்தையைக் கேட்டு டோன் பிளாசிதோ இரண்டு நாள் கடையில் தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் அவளிடமே போய், சரியாகச் செய்யச் சொல்லித்தரச் சொன்னார்.

இப்போது சனிக்கிழமைதோறும் அவளுடைய அனுமதியின் கீழ் கடலில் இறங்குகிறார். அபராதம் இல்லாவிட்டாலும் தண்டனை உண்டு. "டோன் பிளாசிதோ, வரிசை வேண்டாம். கோணலா வைங்க. இன்னும் கோணலா!" என்று அவள் கத்தும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

டாமினோ மேசை இதையெல்லாம் முதலிலேயே தெரியும் என்கிறது.

கல்தேரோதான் பாக்கி. உளியால் தட்டிப் பார்த்தார், பானை நெளிந்தது. பளபளவென்று புதிது ஒன்று வாங்கிக் கொடுத்தார். மிக்தாலியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல காந்தல் வர இன்னும் இருபது வருஷம் ஆகும். அதுவரைக்கும் நீங்க இருப்பீங்களா, நான் இருப்பேனா?" என்று கேட்டுவிட்டு, அதில் வெங்காயத்தைக் கொட்டி மூலையில் வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கடலிலிருந்து நனைந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்கிறாள்: "கொம்பாய், என் கல்தேரோ?"

அவர் குதிகாலால் கடைத் தரையைத் தட்டிப் பார்க்கிறார்.