பச்சைக் கட்டத்தில் என் மகள்

டிவியில் அமெரிக்க ஃபுட்பால் பார்க்கும்போது என் வாயை யாராலும் மூட முடியாது. பத்து கஜம் முன்னேற ஒரு அணிக்கு நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் 'டவுன்' என்று பெயர். நாலாவதிலும் முடியாவிட்டால் பந்து அதே இடத்தில் எதிரணிக்குப் போய்விடும். அதற்குப் பயந்து முக்கால்வாசி கோச்சுகள் நாலாவது டவுன் வந்ததும் பந்தைத் தூரமாய் உதைத்துக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பல சமயம் துணிவதுதான் சரி. "பயந்தாங்கொள்ளி! உனக்கெல்லாம் எவன்யா வேலை குடுத்தான்?" என்று சோபாவிலிருந்து எழுந்து நின்று கத்துவேன். டேட்டாவோடு பிழைப்பு நடத்துகிறவன், எனக்குத் தெரியாதா?

அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் ஃபிரிஸ்கோவில் என் மகளின் ஃப்ளாக் ஃபுட்பால் அணிக்கு கோச் வேண்டும் என்று மெயில் வந்தபோது முந்திரிக்கொட்டை மாதிரி கை தூக்கினேன். எல்லாம் பன்னிரண்டு வயதுப் பெண்கள். இதில் மோதித் தள்ளக் கூடாது, ஓடுகிறவள் இடுப்பில் தொங்கும் நாடாவைப் பிடுங்கினால் போதும். எந்த இடத்தில் எத்தனை கஜம் பாக்கியிருந்தால் துணியலாம் என்று ஒரு அட்டவணை போட்டேன். துணிவதற்குப் பச்சை, விடுவதற்குச் சிவப்பு. லேமினேட் பண்ணிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பெற்றோர் கூட்டத்தில், "கட்டம் பச்சைன்னா போறோம். நோ டிஸ்கஷன்" என்று முழங்கினேன். கைதட்டினார்கள்.

துணை கோச்சாக வந்தவர் என் பக்கத்து வீட்டு ஈரோட்டுக்காரர். மைதானத்தில் நாங்கள் தமிழில்தான் திட்டம் போடுவோம். எதிரணிப் பெற்றோர் பக்கம் தமிழ்க் குரல் ஏதாவது கேட்கிறதா என்று முதலில் ஒரு நோட்டம் விடுவோம். கேட்காவிட்டால் அப்புறம் எங்கள் ராஜ்ஜியம்தான்.

என் மகள் தமிழ் பேசமாட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். "ஒரு வார்த்தை தமிழ்ல பேசினா முத்து உதிர்ந்துடுமா?" என்று நான் திட்டாத நாளில்லை. ஓட்டத்தில் கெட்டிக்காரி, பந்துதான் கையில் நிற்காது. அதற்காகவே தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் கராஜ் சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து எறிந்து பிடித்துப் பழகினாள். "டாட், ஆன் ஃபோர்த் டவுன், த்ரோ இட் டு மீ. ப்ராமிஸ்?" என்று கேட்டாள். ப்ராமிஸ் என்றேன்.

அந்த சனிக்கிழமை ஸ்கோர் சமமாக இருந்தது. நாலாவது டவுன், இரண்டே கஜம். அட்டவணையில் பச்சைப்பசேல். ஆனால் அன்றைக்கு அவள் ஏற்கெனவே இரண்டு பந்துகளை நழுவவிட்டிருந்தாள். "கோச், கோயிங் ஆர் பன்ட்டிங்?" என்று ரெஃப்ரி கேட்டார். எங்கள் லீகில் பந்தை உதைக்கக்கூட வேண்டாம். வாயால் 'பன்ட்' என்று சொன்னால் அவரே எடுத்துப்போய் மறுகோடியில் வைத்துவிடுவார். கோழைகளுக்கு எவ்வளவு வசதி, பாருங்கள்.

"பச்சைதானுங்க. பாப்பாவுக்கே போட்டுடலாமுங்க" என்றார் ஈரோட்டுக்காரர்.

"அவள நம்பியெல்லாம் போக முடியாது சார். கைல ஓட்டை. பன்ட் பண்ணிடலாம்" என்றேன், நன்றாகச் சத்தமாக.

அவர் முகம் செத்துப்போனது. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். என்ன ப்ளே என்று கேட்க வந்த மகள் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். தமிழ் புரிந்த ஆளை அத்தனை வாரமும் எதிர்ப்பக்கத்தில் தேடியிருக்கிறேன், மடையன்.

பந்தைக் கொடுத்தோம். ஆட்டம் சமனில் முடிந்தது. காரில் 'சாரி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஐஸ்கிரீம் வேணுமா என்று கேட்டேன். "ஐ'ம் குட்" என்றாள். அதற்குப் பிறகு கராஜில் பந்துச் சத்தம் கேட்கவில்லை. அந்த அமைதியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கடைசி ஆட்டம். மறுபடியும் ஸ்கோர் சமம், மறுபடியும் நாலாவது டவுன். இந்தத் தடவை எங்கள் எல்லைக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தோம். பிசகினால் தோல்விதான். கட்டம் சிவப்பு. நான் பார்க்கவே இல்லை. ரெஃப்ரி கேட்பதற்குள் "கோயிங்" என்றேன். மகளைக் கூப்பிட்டு, "ப்ளே உனக்குத்தான் கண்ணா. போ" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு முழு வாக்கியம், திக்காமல், தமிழில் சொன்னாள்.

"என்ன நம்பியெல்லாம் போக முடியாதுப்பா."

குரலில் கோபமில்லை. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல்தான் சொன்னாள். பெஞ்சுக்குப் போய் இன்னொரு பெண்ணின் தோளைத் தட்டி உள்ளே அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அவளைத் தடுக்கத் தோன்றவில்லை. அந்தப் பெண் பந்தைப் பிடித்து மறுகோடி வரை ஓடினாள். ஜெயித்துவிட்டோம்.

பெற்றோரெல்லாம் ஓடிவந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "வாட் எ கட்ஸி டிசிஷன், கோச்!" என்று ஒருவர் முதுகில் தட்டினார். "செம தில்லு சார் உங்களுக்கு" என்று இன்னொருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சிரித்தபடி ஒவ்வொருவருக்கும் தேங்க்யூ சொன்னேன். மகள் புல்லில் சிதறிக் கிடந்த நாடாக்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் இரண்டடி தூரத்தில்தான் இருந்தாள்.