இரண்டாம் வகுப்பு முட்டி சார்

இரண்டாம் வகுப்பு ‘அ’ பிரிவு ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் முட்டி சார். மரஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து விரல் முட்டிகளில்தான் அடிப்பார். அந்த அறையையும் பக்கத்து ‘ஆ’ பிரிவையும் கூட்டித் துடைப்பது நான்.

“வேர் தண்ணீரை உறிஞ்சும்” என்று அவர் சொல்ல, பிள்ளைகள் இருபது முறை திருப்பிச் சொல்ல வேண்டும். தடுமாறினால் அடி. சாயங்காலம் பெஞ்சில் ரத்தப் பொட்டு காய்ந்திருக்கும். பக்கத்து அறை டீச்சர் தற்காலிகமாக வந்த சின்னப் பெண். செடியைத் தண்ணீர் பாட்டிலில் வைத்து, தினமும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பிள்ளைகளையே கோடு போடச் சொல்வார். தரையெல்லாம் சேறு. எனக்கு இரட்டை வேலைதான், ஆனால் ரத்தத்தைத் துடைப்பதைவிட அது மேல்.

அடுத்த வருடம் எல்லா வகுப்புக்கும் எந்த முறை என்று முடிவு செய்ய, தலைமையாசிரியர் இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு வைத்தார். நான் வளர்க்கும் தங்கை மகள் ‘அ’ பிரிவில் இருந்தாள். முட்டி சார் ஜெயித்தால் அவளுக்கு இன்னும் மூன்று வருடம் இதே அடி. எழுத்துத் தேர்வில் அவர் பிரிவுக்கு முழு மதிப்பெண்.

“சேத்துல விளையாண்டா மார்க்கு முளைக்காதும்மா” என்றார் முட்டி சார், அந்த டீச்சரிடம்.

செய்முறைத் தேர்வுக்குத் தலைமையாசிரியர் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு ‘அ’ பிரிவுக்கு வந்தார். உதிர்ந்த மண்ணைக் கூட்ட நான் கதவருகே நின்றேன். வேரை அளந்து சொல்லச் சொல்லி மரஸ்கேலை எடுத்து நீட்டினார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் கண்ணை இறுக மூடி, விரல்களை மடக்கி முட்டியை நீட்டினார்கள்.

முட்டி சாரின் முகம் கறுத்தது. ஸ்கேலைப் பிடுங்கி, முன்வரிசையிலிருந்த என் பெண்ணை அடித்தார். “மானத்த வாங்குறியா?” மூன்றாவது அடியில் ஸ்கேல் உடைந்தது. கூர்த்துண்டை ஓங்கினார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“போதும் சார். புள்ள செத்துரும்.”

அவர் உதறவில்லை. இடது கையைத் தலைமையாசிரியரிடம் காட்டினார். நடுவிரல் எப்போதோ முறிந்து கோணலாக ஒட்டியிருந்தது.

“என்னையும் இப்படித்தான் படிக்க வச்சாங்க. வேற எனக்குத் தெரியாது.”

“அப்ப இனிமே வகுப்புக்குப் போகாதீங்க” என்றார் தலைமையாசிரியர்.

அவளுக்கு இரண்டு விரல் எலும்பு முறிந்திருந்தது. இரு பிரிவையும் அந்தச் சின்ன டீச்சரிடமே விட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு அங்கே போய் உட்கார்ந்தாள். முட்டி சார் அலுவலக அறையில் பதிவேடு எழுதுகிறார். நான் கூட்டப் போனால் எழுந்து வெளியே நின்றுகொள்கிறார்.